தாளின் வெண்மை: கூழ் ஏற்கும் வெளுப்பானை அளத்தல் பற்றிய சில குறிப்புகள்

1. தோற்றுவாய்

தமிழிலே தாள் என்னுஞ் சொல், எழுதுபொருளைக் குறிக்குமுன்னர் நெல், புல் முதலியவற்றின் தண்டைக் குறித்தது. ஓலையில் எழுதிப் பழகிய சமுதாயத்துக்கு வெளியிலிருந்து வந்த புதிய பண்டம், அரபு பாரசீகத் தொடர்பின் வழியே காகிதம் என்றும், போர்த்துக்கேயர் தொடர்பின் வழியே கடதாசி என்றும் பெயர் பெற்றது. காலப்போக்கில் பழஞ்சொல்லாகிய தாளும் அப்பண்டத்துக்குரிய பெயராயிற்று. இச்சொல்லின் இரு பொருளும் நமது நாட்டில் ஓரிடத்திலே உண்மையாகவே ஒன்றுசேர்ந்தன. 1950களின் நடுப்பகுதியில் வாழைச்சேனையில் இயங்கத் தொடங்கிய கடதாசி ஆலை வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் மூலப்பொருளாகக் கொண்டது. வயலின் தாள் அங்கே எழுதுந் தாளாயிற்று.

ஆயின் வைக்கோல் மஞ்சள் நிறமுடையது; நாம் எழுதுந் தாள் வெண்மையானது. இடையில் நிகழ்ந்தது யாது? அவ்வெண்மைக்கு எவ்வளவு வெளுப்பான் வேண்டும் என்பதை ஆலையிலுள்ளோர் எங்ஙனம் முன்கூட்டியே அறிகின்றனர்? இக்கட்டுரை இவ்வினாக்களுக்கு விடைகூற முயல்கின்றது.

இலக்கிய மாணவர்க்கு இஃது ஏன் என்ற ஐயம் எழலாம். நமது இலக்கிய வரலாறுகள் ஆசிரியரைப் பேசுகின்றன. அச்சகத்தையும் வாசகரையும் ஓரளவு பேசுகின்றன. தாளைப் பற்றிப் பேசுவதில்லை. அது தானாகவே கிடைப்பதென்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மார்க்ஸ் அவ்வாறு எண்ணவில்லை. 1867இல் வெளிவந்த மூலதனம் முதற்றொகுதியில், இயந்திரம் பற்றிய அதிகாரத்தில், வெவ்வேறு உற்பத்தி முறைகளையும் அவற்றோடு இணைந்த சமூக உறவுகளையும் ஒப்பிட்டறிவதற்கேற்ற எடுத்துக்காட்டாகக் காகிதத் தொழிலையே அவர் சுட்டுகின்றார். பழைய ஜேர்மனியின் கைத்தொழில், ஒல்லாந்து பிரான்சு ஆகியவற்றின் பட்டறைத் தொழில், இங்கிலாந்தின் தானியங்கு ஆலை, இந்தியாவிலும் சீனாவிலும் எஞ்சியிருந்த ஆசிய வடிவங்கள் என அவர் அவற்றை வகைப்படுத்துகின்றார். அந்நூலிலேயே, தாளுக்கான கந்தல்களைத் தரம்பிரித்த பெண்கள் அக்கந்தல்கள் வழியே தொற்றுநோய்க்கு ஆளானமையும் கூறப்படுகின்றது. ஏடு வெண்மையாகத் தோன்றினும் அதன் உற்பத்தி வரலாறு அவ்வாறானதன்று.

இவ்வினாவை நமக்கு அண்மையில் நினைவூட்டியது 2022ஆம் ஆண்டாகும். அந்நியச் செலாவணி இன்மையால் தாளும் மையும் இறக்குமதி செய்ய இயலாது போக, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஒத்திவைக்கப்பட்டன. நாளிதழ்கள் பக்கங்களைச் சுருக்கின. நாவலப்பிட்டியில் அந்நாள்களில், தோட்டத்துப் பிள்ளைகள் பழைய செக்றோல் தாள்களின் வெற்றுப் பின்புறத்திலே கணக்குப் பயிற்சி செய்வதை நாம் கண்டோம். நெல் விளையும் நாட்டில், முன்பு வைக்கோலிலிருந்து தாள் செய்த நாட்டில், பிள்ளைக்கு எழுதத் தாள் இல்லாது போயிற்று. அந்நிலைமையின் வேர்களுள் ஒன்று வெண்மை பற்றிய வினாவோடு தொடர்புடையது என்பது நமது கருத்து.

2. கூழில் எஞ்சியிருப்பது யாது?

வைக்கோலாயினும் மரமாயினும் அதன் உடல் இருவகைப் பொருள்களால் ஆயது என்று எளிமைப்படுத்திக் கூறலாம். ஒன்று செலுலோசு என்னும் நார்ப்பொருள். மற்றையது அந்நார்களைப் பிணித்து நிற்கும் இலிக்னின். வரிச்சுக் கட்டிச் சாந்து பூசிய மண்சுவரை எண்ணிக் கொண்டால், வரிச்சின் இடத்திலே நாரும் சாந்தின் இடத்திலே இலிக்னினும் இருப்பதைக் காணலாம். தாளுக்கு வேண்டியது நாரே. ஆகவே எரிசோடா போன்ற காரப்பொருளிட்டு அழுத்தத்தில் வேகவைத்து இலிக்னினைக் கரைத்து நீக்குகின்றனர். அவ்வாறு கரைந்து வெளியேறும் கரிய நீர் கருநீர் எனப்படும். எஞ்சும் நார்த்திரளே கூழ்.

இலிக்னின் முழுவதையும் வேகவைத்தே நீக்கிவிட முடியாது. அதற்கு முயன்றால் சாந்தோடு வரிச்சும் சிதையும். செலுலோசு அறுந்து தாள் வலுவிழக்கும். ஆதலின் ஓரளவில் வேகவைத்தலை நிறுத்தி, எஞ்சிய சிறுபகுதி இலிக்னினை வெளுப்பான் கொண்டு ஒட்சியேற்றி நீக்குகின்றனர். கூழின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இவ்வெச்ச இலிக்னினாலேயே ஏற்படுவது. நாள்பட்ட செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாவதும் அதனாலேயே. செய்தித்தாளில் இலிக்னின் பெருமளவு நீக்கப்படாமலே விடப்பட்டிருக்கும்.

எனவே ஒரு தொகுதிக் கூழுக்கு எவ்வளவு வெளுப்பான் வேண்டும் என்னும் வினா, அக்கூழில் எவ்வளவு இலிக்னின் எஞ்சியுள்ளது என்னும் வினாவாக மாறுகின்றது. வெளுப்பான் குறைந்தால் தாள் மங்கும். கூடினால், உண்பதற்கு இலிக்னின் இன்றி அது நாரையே தாக்கும், பணமும் வீணாகும். மழையில் நனைந்த வைக்கோல், காய்ந்த வைக்கோல், முற்றிய புல், இளம்புல் என மூலப்பொருள் மாறுந்தோறும் எச்சமும் மாறும். ஆகவே ஒவ்வொரு வேகலின் பின்னரும் அளத்தல் இன்றியமையாததாகின்றது.

3. அளவையின் பிறப்பு

வெளுப்பானை அளக்கும் முறை காகித ஆலையிற் பிறந்ததன்று. துணித் தொழிலிற் பிறந்தது. குளோரீன் வாயுவை 1774இல் சுவீடனைச் சேர்ந்த சீலே கண்டறிந்தார். அதன் வெளுக்கும் ஆற்றலை 1785இல் பிரான்சைச் சேர்ந்த பெர்தொலே தொழிலுக்குப் பயன்படுத்த வழிகாட்டினார். அதுவரை ஐரோப்பாவில் துணி, புல்வெளிகளில் விரிக்கப்பட்டு வெயிலிலும் பனியிலும் வாரக்கணக்காய், மாதக்கணக்காய் வெளுக்கப்பட்டது. நூற்பு இயந்திரமும் தறியும் வேகம் பெற்றபின், வெளுக்கும் களம் அவ்வேகத்துக்குத் தடையாயிற்று. உற்பத்தியின் ஒரு கட்டம் விரைவுற்றால் மற்றைய கட்டங்களும் மாறவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படும் என்பதற்கு இது சிறந்த சான்றாகும். 1799இல் தெனந்து என்பார் வெளுப்புத் தூளுக்குக் காப்புரிமை பெற்றமையும் இந்நிர்ப்பந்தத்தின் விளைவேயாம்.

வெளுப்பான் விலைப்பண்டமானதும் அதன் வலிமையை அளக்கவேண்டிய தேவை எழுந்தது. 1790களில் ரூவான் நகரைச் சேர்ந்த தெக்குருவாசில் என்பார், குறித்த அளவான நீலச் சாயக் கரைசலின் நிறத்தைப் போக்குவதற்கு எவ்வளவு வெளுப்பான் வேண்டும் என்று பார்த்து அதன் வலிமையை அறிந்தார். அளவுகுறித்த கண்ணாடிக் குழாயிலிருந்து சிறிது சிறிதாக ஊற்றி அளக்கும் வழக்கம், இன்று பாடசாலை ஆய்வுகூடங்களில் நாம் காணும் நியமிப்பு முறை, இவ்வாறே வளர்ச்சியுற்றது. அளப்பதற்குப் பயன்பட்ட அவுரிநீலம் குடியேற்ற நாடுகளின் விளைபொருளாயிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

நமது சமுதாயத்திலும் வெளுக்கும் அறிவு இருந்தது. சங்கச் செய்யுட்கள் ஆடை வெளுக்கும் புலைத்தியைக் குறிப்பிடுகின்றன. உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டு, எத்துணிக்கு எவ்வளவு உவர், எவ்வளவு நேரம் ஆவி என்பதைக் கையாலும் கண்ணாலும் அறிந்த மக்கள் நம்மிடையே வாழ்ந்தனர். அவ்வறிவு சாதியமைப்பினுள் இழிதொழிலாக முடக்கப்பட்டமையால் ஏட்டில் ஏறவில்லை; பொது அளவையாக வளரவுமில்லை. அறிவு இல்லாமையன்று, அறிவுடையோர்க்கும் உற்பத்திச் சாதனங்களுக்கும் இருந்த சமூக உறவே இதற்குக் காரணம் எனலாம்.

4. அளக்கும் முறை

கூழ் எவ்வளவு வெளுப்பானை ஏற்கும் என்பதை அறியப் பல முறைகள் வழங்கியுள்ளன. ஈரக் கூழைக் குளோரீன் வாயுவோடு குறித்த நேரம் வைத்து, 100 கிராம் கூழ் உட்கொண்ட குளோரீனை கிராமிற் கூறுவது ஒருமுறை; அது ரோ எண் எனப்பட்டது. வாயுவைக் கையாள்வதிலுள்ள இடர் காரணமாக, குளோரீனுக்குப் பதிலாகப் பொற்றாசியம் பரமங்கனேற்றைப் பயன்படுத்தும் முறை பெருவழக்காயிற்று. கிணற்று நீரைத் தூய்மையாக்க இடும் ஊதாநிறப் பளிங்கே இது. இதுவும் இலிக்னினை ஒட்சியேற்றுவதால், இது செலவாகும் அளவைக் கொண்டு வெளுப்பான் செலவாகும் அளவை மதிப்பிடலாம். 1957இல் கனடாவில் தாசுமன், பேர்சின்சு ஆகிய இருவரும் இம்முறையைத் திருத்தியமைத்தனர். அவர்கள் வகுத்த எண் காப்பா எண் எனப்படும். இன்று உலகெங்கும் கூழாலைகளில் வழங்குவது இதுவே.

ஈரமற்ற 1 கிராம் கூழ், வரையறுத்த நிலைமைகளில், இலீற்றருக்கு 0.02 மூல் செறிவுடைய பரமங்கனேற்றுக் கரைசலில் எத்தனை மில்லிலீற்றரைச் செலவிடுகின்றதோ அதுவே அக்கூழின் காப்பா எண். செய்முறை பின்வருமாறு:

முதலில் கூழ் நன்கு கழுவப்பட்டு, அதன் ஈரப்பதன் தனியே அறியப்படும். பின்னர் நிறுத்தெடுத்த கூழை நீரிலிட்டு, கட்டியின்றி நார்நாராகப் பிரியும்வரை கலக்குவர். பரமங்கனேற்றுக் கரைசல் 100 மில்லிலீற்றரையும் ஐதான சல்பூரிக்கமிலம் 100 மில்லிலீற்றரையும் சேர்த்து அதனுள் விரைந்து ஊற்றுவர். மொத்தக் கனவளவு 1 இலீற்றராக இருக்கும். வெப்பநிலை 25 பாகை செல்சியசு. நேரம் சரியாக 10 நிமிடம். நேரம் முடிந்ததும் பொற்றாசியம் அயடைட்டைச் சேர்த்துத் தாக்கத்தை நிறுத்துவர். எஞ்சியிருந்த பரமங்கனேற்று அயடைட்டிலிருந்து அயடீனை வெளிப்படுத்தும். அவ்வயடீனைச் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் கொண்டு அளவியிலிருந்து துளித்துளியாக ஊற்றி நியமிப்பர். முடிவுக்குச் சற்றுமுன் மாப்பொருட் கரைசல் இடப்படும். அப்போது தோன்றும் கருநீலம் எந்தத் துளியில் மறைகின்றதோ அதுவே முடிவு. கூழின்றி இதே செய்கையை ஒருமுறை நடத்தி, அதனை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வர்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். கூழில்லாத நியமிப்புக்குத் தயோசல்பேற்று 50 மில்லிலீற்றர் சென்றதென்க. கூழுடன் நடத்திய நியமிப்புக்கு 25 மில்லிலீற்றரே சென்றதென்க. அதாவது இட்ட பரமங்கனேற்றில் பாதி எஞ்சியது. பாதி, அதாவது 50 மில்லிலீற்றர், கூழாற் செலவிடப்பட்டது. ஈரமற்ற கூழின் நிறை 3.2 கிராம் ஆயின், 50ஐ 3.2 ஆல் வகுக்க வருவது ஏறத்தாழ 15.6. இதுவே காப்பா எண்.

இங்கு அறிஞர்கள் கையாண்ட தருக்கம் கவனிக்கத்தக்கது. கூழ் உண்டதை நேரே எவரும் காண்பதில்லை. வேண்டியதற்கு மேலாக இட்டு, எஞ்சியதை அளந்து, அதனைக் கழித்து உண்டதை அறிகின்றனர். தமிழ் அளவை நூலோர் ஒழிபு என்று ஒன்றைக் கூறுவர். பிறவற்றை விலக்கியபின் எஞ்சுவதனைக் கொண்டு துணிதல் அதன் இயல்பு. இங்கே நிகழ்வது எண்ணாற் கழித்தல் ஆதலின் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ஆயினும் எச்சத்தின் வழியே காணாததை அறிதல் என்னும் நெறி இரண்டுக்கும் பொதுவானது. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைக் கற்ற மாணவருக்கு வேதியியலாளரின் இம்முறை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

5. எண்ணிலிருந்து உப்புக்கு

காப்பா எண்ணின் பயன் அதனைத் தொடர்ந்து வரும் கணக்கிலேயே உள்ளது. மரக்கூழுக்கு வழங்கும் 0.15 என்னுங் காரணியாற் பெருக்கின், எச்ச இலிக்னின் நூற்றுக்கு எவ்வளவு என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 15.6க்கு அது நூற்றுக்கு 2.3 ஆகும். குளோரீன் கொண்டு வெளுத்த ஆலைகளில், காப்பா எண்ணை 0.2 அளவான காரணியாற் பெருக்கி, முதற்கட்டத்தில் இடவேண்டிய குளோரீனை நூற்றுவீதமாகக் கணித்தனர். நமது எடுத்துக்காட்டில் அது நூற்றுக்கு 3.1, அதாவது 1 தொன் கூழுக்கு ஏறத்தாழ 31 கிலோகிராம்.

குளோரீன் உப்பிலிருந்து வருவது. உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்தினால் ஒருபுறம் குளோரீனும் மறுபுறம் எரிசோடாவும் ஐதரசனும் கிடைக்கும். 1 கிலோகிராம் குளோரீனுக்கு 1.65 கிலோகிராம் உப்பு வேண்டும். ஆகவே அந்த 31 கிலோகிராம் குளோரீனுக்கு 51 கிலோகிராம் உப்பு செலவாகும். உடன் விளையும் எரிசோடா ஏறத்தாழ 35 கிலோகிராம்; அது வைக்கோலை வேகவைக்கப் பயன்படும். காகிதத் தொழிலுக்கு வேண்டிய இரு முதன்மை இரசாயனப் பொருள்களும் உப்பு ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

இலங்கையில் இதற்கான சங்கிலி முழுமையாகவே இருந்தது. ஆனையிறவில் உப்பு விளைந்தது. அதனருகே பரந்தனில் அவ்வுப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்யும் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் நிறுவப்பட்டது. வாழைச்சேனையில் வைக்கோலிலிருந்து தாள் செய்யும் ஆலை எழுந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்திலே (1948–1953) இத்தகைய திட்டங்கள் உருப்பெற்றன. 1970களின் பிற்பகுதியில் எம்பிலிப்பிட்டியிலும் ஒரு கடதாசி ஆலை அமைந்தது. உப்பு, காரம், வாயு, வைக்கோல், நீர், உழைப்பு ஆகிய யாவும் உள்நாட்டிலேயே இருந்தன.

இச்சங்கிலியில் காப்பா எண்ணின் இடம் யாதெனில், அது கணக்குப் பிள்ளையின் ஏட்டுக்கும் உப்பளத் தொழிலாளியின் வாளிக்கும் இடையிலான பாலமாகும். வேகவைக்கும் பகுதியினர் திறமையாகச் செயற்பட்டு எண்ணை 1 குறைத்தால், 1 தொன் கூழுக்கு 2 கிலோகிராம் குளோரீனும் 3.3 கிலோகிராம் உப்பும் மிஞ்சும். 10,000 தொன்னுக்கு அது 20 தொன் குளோரீன். ஆய்வுகூடத்தில் ஒருவர் அளவியில் ஒரு மில்லிலீற்றரைத் தவறாக வாசித்தால், ஆலையின் குளோரீன் கணக்கு முழுவதும் அதற்கேற்பப் பிறழும்.

6. எண்ணின் எல்லைகள்

எண் கிடைத்துவிட்டது என்பதனால் உண்மை முழுவதும் கிடைத்துவிட்டதென்று கொள்ளலாகாது. பரமங்கனேற்று இலிக்னினை மட்டும் தேடிச் சென்று தாக்குவதில்லை. ஒட்சியேறக்கூடிய எதனையும் தாக்கும். கூழ் சரியாகக் கழுவப்படாது கருநீர் அதில் ஒட்டியிருப்பின் அதுவும் பரமங்கனேற்றை உண்ணும். எண் பொய்யாக உயரும். வெளுக்குந் தொட்டியிலும் அக்கருநீர் குளோரீனை வீணே உண்ணும். அகன்ற இலை மரங்களின் கூழில், வேகவைக்கும்போது தோன்றும் எட்செனுரோனிக் அமிலம் என்னும் பொருள் எண்ணைக் கூட்டிக் காட்டுகின்றது என்பது 1990களில் நடைபெற்ற ஆய்வுகளால் தெளிவாயிற்று. அதுவரை அவ்வளவும் இலிக்னினாகவே கருதப்பட்டது.

மேலும், 10 நிமிடம், 25 பாகை, பரமங்கனேற்றிற் பாதியளவு செலவாகும் நிலை ஆகிய நிபந்தனைகளுள் எதனை மாற்றினும் எண்ணும் மாறும். அதனாலேயே, செலவு சரிபாதியாக அமையாதபோது திருத்தக் காரணி ஒன்றாற் பெருக்குகின்றனர். ஆகவே காப்பா எண் என்பது கூழினுள் ஒளிந்திருக்கும் ஒரு பொருளன்று. குறித்த நிலைமைகளில் கூழுக்கும் ஒட்சியேற்றிக்கும் இடையே நிகழும் தாக்கத்தின் அளவு, ஓர் உறவு. உறவொன்றைப் பொருளாக மயங்குதல் பற்றி மார்க்ஸ் பண்டத்தை ஆராய்ந்தபோது எச்சரித்தார். ஆய்வுகூடத்திலும் அவ்வெச்சரிக்கை பொருந்துவதே.

எனினும் இதனால் அளவை பயனற்றதாகிவிடுவதில்லை. எல்லைகள் தெரிந்தமையாலேயே அது நம்பத்தக்கதாகின்றது. நிபந்தனைகளை யாவரும் ஒன்றேபோல் பேணும்போது, வாழைச்சேனைக் கூழையும் கரூருக்கு அண்மையில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் கூழையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட முடிகின்றது. 1979இல் நிறுவப்பட்டு 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், காட்டு மரத்தை மட்டும் நம்பாது, கரும்புச் சக்கையைப் பெருமளவில் தாளாக்கலாம் என்று காட்டியமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

7. எவ்வளவு வெண்மை வேண்டும்?

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒன்றை வேறுபடுத்திக் காண வேண்டும். ஒரு கூழ் எவ்வளவு வெளுப்பானை ஏற்கும் என்பதைக் காப்பா எண் கூறும். தாள் எவ்வளவு வெண்மையாக இருக்கவேண்டும் என்பதை அது கூறாது. வெண்மைக்கு வேறோர் அளவை உண்டு. 457 நனோமீற்றர் அலைநீளமுடைய நீல ஒளியில் எவ்வளவைத் தாள் தெறிக்கின்றது என்று அது பார்க்கின்றது. செய்தித்தாள் நூற்றுக்கு 60 அளவில் நிற்கும். எழுதுந்தாள் 80க்கு மேற் செல்லும். ஆயின் 60 போதுமா 80 வேண்டுமா என்பதைக் கருவி எதுவும் தீர்மானிப்பதில்லை. அதைச் சமுதாயமே தீர்மானிக்கின்றது. சமுதாயம் வெளிப்படையாகத் தீர்மானிக்காதபோது சந்தை தீர்மானிக்கின்றது.

வெண்மையின் இறுதிப் படிகளே செலவு மிக்கவை. முதலில் இட்ட வெளுப்பான் பெரும்பகுதி நிறத்தைப் போக்கும்; பின்னர் இடுவது சிறிதளவே பயன்தரும், நாரையும் மெலிவிக்கும். வாசிப்புக்கு அவ்விறுதிப் படிகள் இன்றியமையாதன அல்ல. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இலங்கையில் வெளியான தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் கையாண்டோர், பழுப்பேறிய சொரசொரப்பான தாளில் அவற்றுட் பல அச்சிடப்பட்டமையை அறிவர். ஈழத்துத் தமிழ் நூல் வெளியீடு ஊக்கம் பெற்ற காலங்களுள் அதுவும் ஒன்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் இறக்குமதித் தாள் வந்து குவிந்தது. அதன் வெண்மை தரத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. உள்நாட்டுத் தாளின் நிறம் அதன் குறையாகக் காட்டப்பட்டது. 1980களில் மூண்ட போர் பரந்தன் தொழிற்சாலையின் இயக்கத்தை நிறுத்தியது. வாழைச்சேனை ஆலை பெரிதும் நலிந்து 2014இல் மூடப்பட்டது. பின்னர் மீள இயக்கப்பட்டபோது கழிவுத் தாளே அதன் முதன்மை மூலப்பொருளாயிற்று. இவற்றுக்குப் போர், நிருவாகச் சீர்கேடு, மூலதனமின்மை எனப் பல காரணங்கள் உள. ஆனால் வெண்மை பற்றிய மதிப்பீடும் அவற்றுள் ஒன்றாகச் செயற்பட்டது என்பதை மறுத்தற்கில்லை.

அதே வேளையில் பழைய ஆலையை இலட்சியப்படுத்துவதும் தவறாகும். நெல்வைக்கோலிற் சிலிக்கா மிகுதி. அதனால் கருநீரைக் காய்ச்சி எரித்து எரிசோடாவை மீட்டெடுப்பது கடினம். மீட்கப்படாத கருநீர் இறுதியில் நீர்நிலையையே சேரும். எம்பிலிப்பிட்டியில் ஆலைக்கழிவு வளவை கங்கைக்கு ஊறு செய்தமை யாவரும் அறிந்தது. குளோரீன் வெளுப்பின் கழிவில் தயொட்சின் என்னும் நச்சுப்பொருள்கள் உண்டாவது 1980களில் வெளிப்பட்டபின், உலகின் பெரும்பாலான ஆலைகள் தனிக் குளோரீனைக் கைவிட்டுக் குளோரீனீரொட்சைட்டு, ஒட்சிசன், ஐதரசன் பரவொட்சைட்டு முதலியவற்றுக்கு மாறின. வெளுப்பான் மாறியபோதும் காப்பா எண் மாறவில்லை. எதைக் கொண்டு வெளுப்பினும் எச்ச இலிக்னினை முதலில் அறிய வேண்டியிருக்கின்றது. இலிக்னின் குறைந்தால் நச்சும் குறையும் என்பதனால், செலவைக் காக்கப் பிறந்த அளவை இன்று ஆற்றைக் காக்கும் அளவையாகவும் பயன்படுகின்றது. ஓர் அளவை எவர் கையில், எந்நோக்கத்துக்காக இருக்கின்றது என்பதே முதன்மையான வினாவாகும்.

8. முடிவுரை

நாவலப்பிட்டியைக் கடந்து ஓடும் மகாவலி கங்கை, 1976 முதல் பொல்கொல்லையிலே திசைதிருப்பப்பட்டுப் பொலன்னறுவைப் புறத்து வயல்களை அடைகின்றது. அவ்வயல்களுக்குக் கிழக்கே, மட்டக்களப்புப் புகையிரதப் பாதையிலேயே வாழைச்சேனை அமைந்துள்ளது. மலையகத்தின் நீருக்கும் கிழக்கின் வைக்கோலுக்கும் வடக்கின் உப்புக்கும் இடையிலான தொடர்பு தேசப்படத்தைப் பார்த்தாலே புலப்படும்.

மலையக மக்களின் வரலாற்றில் தாளுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 1921இல் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியைக் கடனோடு பிணைத்த துண்டு ஒரு தாள்; அன்றாட வேலையைக் குறித்த செக்றோல் ஒரு தாள்; 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்களின் பின் நிரப்பப்பட்ட விண்ணப்பங்களும் தாள்களே. அத்தாள்களின் வலிமை அவற்றின் வெண்மையில் இருக்கவில்லை. அவற்றைக் கையில் வைத்திருந்த அதிகாரத்தில் இருந்தது. அம்மக்களின் பிள்ளைகளே 2022இல் செக்றோலின் மறுபுறத்தில் கணக்கு எழுதினர்.

அப்பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி சற்றுப் பழுப்பாக இருப்பதால் எழுத்துக்கு இழுக்கு நேர்ந்துவிடாது. அது இல்லாது போவதே இழுக்கு. வைக்கோல் மாட்டுக்கும் வேண்டும், மண்ணுக்கும் வேண்டும். அதில் எவ்வளவைத் தாளுக்கு ஒதுக்கலாம், அதனை எவ்வளவு வெளுக்கலாம், அதன் கழிவை எங்கே விடலாம் என்பன கூடியிருந்து தீர்மானிக்க வேண்டியவை. அத்தீர்மானத்துக்கு வேண்டிய எண்ணைக் கூழாய்வாளர் தர முடியும், தந்தும் வந்துள்ளனர். எண்ணுக்கு அப்பாலுள்ள வினாவை எழுப்புவது சமுதாயத்தை ஆராயும் நம்மனோர் கடமையாகும். தாளின்மீது எழுதப்பட்டதை ஆராய்வோர் தாளையும் ஆராயத் தொடங்குவாராயின், இலக்கிய வரலாற்றின் அடித்தளம் இன்னும் சற்று உறுதிபெறும்.